நாலாவது தட்டு

அத்தியாயம் ஐந்து

ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஹில்டா நோனாவின் வீட்டைக் கொளுத்துவது என்று மருதமுனையில் காலையிலேயே முடிவாகிவிட்டது. எனக்கு அதைச் சொன்னவர் சைக்கிளில் மீன் விற்கிறவர். "றஊப், அந்தப் பக்கம் காரக் கொண்டு போய் நிப்பாட்டிராத. டேங்கில பெற்றோல் இரிக்கும்" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு, சூரை மீன் வேண்டுமா என்றும் கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

எண்பதாம் ஆண்டு, ஒக்டோபரின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. கடலுக்கு மேலே மேகம் கறுத்துத் தொங்கியது. தோணிகளை மணலில் உயர இழுத்துப் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமையிலும் பகல் தொழுகைக்கு வாங்கு சொல்லும்வரை தறி ஓடுகிற ஊர் அது. இன்று ஒரு கொட்டிலிலும் சத்தம் இல்லை. ஆண்கள் சந்தி சந்தியாக நின்று மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மொரிஸ் கார் கிட்ட வந்ததும் கதை நின்றது, கடந்ததும் தொடர்ந்தது.

"மெதுவாப் போ" என்றார் பக்கத்து ஆசனத்தில் கண்ணை மூடியிருந்த காலிதீன் காக்கா.

"காக்கா, மாட்டு வண்டி நம்மள முந்திப் போகுது."

"போகட்டும்."

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். பொலிசில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மேலிடத்தோடு ஒத்துவரவில்லை, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது கல்முனை பஸாரில் ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம். நான் உதவியாளன். கார் ஓட்டுவேன், தேநீர் ஊற்றுவேன், வாயை மூடு என்றால் மூடமாட்டேன். மூன்றாவதுதான் என் உண்மையான தகுதி என்பது என் எண்ணம். அவர் எண்ணம் வேறு.

விஷயம் இதுதான். மருதமுனையில் மைமூனா என்ற விதவைப் பெண்ணுக்கு ஒரே மகள், சுல்பிகா. பத்தொன்பது வயது. வாப்பா இல்லாத பிள்ளை என்பதால் வாப்பாவின் அண்ணன் அச்சிமுகம்மது ஹாஜியார்தான் கல்யாணத்துக்கு வலி, அதாவது பொறுப்புக்காரர். தறிக்கொட்டில்களின் முதலாளி, பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காரும் அவர்தான். அவர் தன் மகன் இஸ்ஸதீனுக்கே சுல்பிகாவை நிக்காஹ் பேசி, ஞாயிற்றுக்கிழமைக்கு நாளும் வைத்துவிட்டார். இஸ்ஸதீனுக்கு இது இரண்டாந்தாரம். முதல் மனைவி கையில் சூட்டுக்காயத்தோடு தாய்வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ஊரில் பாதிப் பேர் ஹாஜியாரின் தறியில் நெய்கிறவர்கள். "இந்தக் குமரு ஓடிச்செண்டா கழுத்த அறுத்துப் போட்டுட்டு நான் ஜெயிலுக்குப் போவன்" என்று கொட்டிலில் வைத்து அவர் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும்.

நேற்றுப் பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகு சுல்பிகாவைக் காணவில்லை. இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவளுடைய மஞ்சள் முக்காடு ஹில்டா நோனாவின் பின்வளவில் கிடந்தது, இரத்தத்தில் ஊறியபடி. பக்கத்தில் கழுத்து அறுபட்ட ஒரு சிவப்புச் சேவல். ஒரு கறுப்புப் பிடிக் கத்தி. வெள்ளைக்காரி சூனியக்காரி என்று ஊர் முன்பே குசுகுசுத்துக்கொண்டிருந்தது. சேவலும் பலி, குமரும் பலி என்று தீர்ப்பு எழுத அதற்குமேல் என்ன வேண்டும்?

விடியற்காலையிலேயே ஹாஜியார் எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளக் கண்டுபிடிச்சித் தாங்க" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பொலிசுக்கும் ஆள் அனுப்பினோம். ஜீப் அம்பாறைக்குப் போயிருப்பதாகப் பதில் வந்தது.

ஹில்டா நோனாவின் வாசல் கடப்படியில் இஸ்ஸதீன் ஹொண்டா மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். பின்கரியரில் ஒரு கேன் கட்டியிருந்தது.

"எங்கட வாப்பா ஒங்கள அவளத் தேடச் சொன்னார். சூனியக்காரியோட தேத்தண்ணி குடிக்கச் சொல்லல்ல" என்றான்.

"தந்தாக் குடிக்கத்தான் வேணும் மச்சான். மரியாதை இல்லியா?" என்றேன். "கேனுக்குள்ள என்ன?"

"மண்ணெண்ணெய். வீட்டுக்கு."

"யார்ட வீட்டுக்கு?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது அந்த முதல் மனைவியின் கை எனக்கு ஞாபகம் வந்தது.

ஹில்டா நோனாவுக்கு ஐம்பது வயது இருக்கும். இங்கிலாந்தில் நெசவு படிப்பித்தவர். சாயம் படிக்க என்று வந்தவர் இரண்டு மாரி மழையை இங்கேயே கண்டுவிட்டார். எங்கள் தமிழைத் தறியடியில் பெண்களோடு இருந்து பழகியதால் நம்மைப் போலவே கதைப்பார்.

"வாங்க. இரிங்க. தேத்தண்ணி ஊத்தவா?"

"பொறவு நோனா. முதல்ல வளவப் பாப்பம்" என்றார் காக்கா.

பின்வளவு கடலைப் பார்த்தது. நடுவில் வெள்ளைக் கற்களை வைத்து ஒரு வட்டம். உள்ளே மணல் கறுத்துக் காய்ந்திருந்தது. சேவலின் மேல் நோனா ஒரு ஓலைப் பெட்டியைக் கவிழ்த்திருந்தார், காகம் கொத்தாமல் இருக்க. முக்காட்டை ஹாஜியார் எடுத்துப்போய்விட்டார்.

காக்கா பெட்டியைத் தூக்கினார். "றஊப், பாத்துச் சொல்லு."

"கோழி மவுத்து."

"எப்பிடி மவுத்து?"

"கழுத்து அறுபட்டு. தொண்டைக்குக் கீழ ஒரே இழுவை. ரெண்டு நரம்பும் போயிருக்கு, தலை கழரல்ல. நல்ல அறுவைதான்."

"ஒங்கட உம்மாட்டக் குடுத்தா சமைப்பாவா?"

"நேத்தே குடுத்திருந்தாச் சமைச்சிருப்பா. ஹலாலா அறுத்த கோழிக்கு என்ன குற..."

வாய் நின்றுவிட்டது. என் வாய் அப்படி நிற்பது அபூர்வம்.

"பேய்க்குப் பலி குடுக்கிறவன் கழுத்தத் திருகுவான். இல்லாட்டித் தலைய வேறாக்கி வீசுவான்" என்றார் காக்கா. "ஷைத்தானுக்குக் குடுக்கிற சாவலுக்கு ஆருடாப்பா அல்லாஹ்ட பேரால பிஸ்மி சொல்லி அறுப்பான்?"

நான் ஹில்டா நோனாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

காக்கா குந்தியிருந்து மணலைத் தடவினார். கறைக்குப் பக்கத்தில் வட்டமான ஒரு சின்னப் பள்ளம், உள்ளே காய்ந்த இரத்தம். தேங்காய்ச் சிரட்டையைக் குத்தி வைத்த அடையாளம் அது. வெள்ளைக் கற்கள் வெள்ளையாகவே இருந்தன, ஒன்றிலும் ஒரு துளி தெறிக்கவில்லை.

"சாவல் இஞ்ச அறுபடல்ல" என்றார். "வேற எடத்துல அறுபட்டு, கையில தூக்கி வந்திருக்கு. ரெத்தம் சிரட்டைல வந்து ஊத்துப்பட்டிருக்கு. கத்தி எங்க?"

நோனா உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். கறுப்புப் பிடி, இருபக்க அலகு, அலகெல்லாம் இரத்தம். காக்கா அதை வாங்கி, நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் என் பெருவிரலில் வைத்து இழுத்தார்.

"யா அல்லாஹ்! என்ட விரல்தான் கிடைச்சதா?"

"காயம் இரிக்கா?"

இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கத்தியால் வாழைப்பழத்தை வெட்டவும் கஷ்டம்.

"இதுக்குப் பேர் அத்தாமே" என்றார் நோனா. "வெட்டுற கத்தி இல்ல. கும்புடக்குள்ள காத்துல வட்டம் கீறுற கத்தி. வெட்டுற வேலைக்கு வெள்ளைப் பிடிக் கத்தி ஒண்டு வேற இரிக்கி, குசினில. இதுல ரெத்தம் படக்கூடாது. பட்டாப் பொறவு இத வச்சிரிக்கேலா. நான் புதைக்கணும்."

சொல்லும்போதே அவர் கண் நிரம்பிவிட்டது. வீட்டைக் கொளுத்தப் போகிறார்கள் என்று நான் வாசலிலேயே சொல்லியிருந்தேன். அப்போது கலங்காத கண் அது.

"அப்ப இத எடுத்துப் பூசின ஆளுக்கு ஒங்கட மார்க்கம் தெரியாது" என்றார் காக்கா. "பயங்கரமாத் தெரிஞ்ச கத்திய எடுத்திரிக்கி."

உள்ளே வந்து அமர்ந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. "நோனா, குறை நினைக்காதீங்க. நீங்க சூனியக்காரிதானா?"

"ஓம்" என்றார்.

நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன்.

"ஊர் சொல்ற பேர் சரி. நினைக்கிற அர்த்தம்தான் பிழை. எங்கட மார்க்கத்துக்குப் பேர் விக்கா. பழைய காலத்து மார்க்கம் எண்டு எங்கட ஆக்கள் சிலர் பெருமை பேசுவாங்க. உண்மையச் சொன்னா இப்ப உள்ள மாதிரி அது என்ட உம்மாட வயசுகூட இல்ல. என்ட நாட்டுல சூனியத்துக்கு எதிரா ஒரு சட்டம் இருந்துச்சி. எனக்கு இருபது வயசு கழிஞ்ச நேரம்தான் அத எடுத்தாங்க. அதுக்குப் பொறவுதான் வெளியில சொல்லத் துணிவு வந்துச்சி."

"ஆரக் கும்புடுறீங்க?" என்று கேட்டார் காக்கா.

"ஒரு பொம்புளத் தெய்வம். சந்திரன் அவட அடையாளம். ஒரு ஆம்புளத் தெய்வம், தலைல மான் கொம்பு. காடும் வெயிலும் அவர்ட. சில பேருக்கு ரெண்டும் உண்மையான தெய்வம். சில பேருக்கு இந்த மண்ணையும் மழையையும் சொல்ற பேர்தான். பத்துப் பேரக் கேட்டா பதினொரு விடை வரும். அடிச்சித் திருத்த எங்களுக்கு ஒரு தலைவர் இல்ல."

"கொம்பெண்டா..." என்று நான் இழுத்தேன்.

"ஷைத்தான் இல்ல தம்பி. ஷைத்தான் ஒங்கட கிதாபுல இரிக்கார், எங்கட நாட்டுப் பாதிரிமார்ட கிதாபுல இரிக்கார். எங்கட வீட்டுல அவருக்கு ஒரு பாய் கூட இல்ல."

அந்த விடை எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் நாற்காலியை முன்னால் தள்ளவில்லை.

"மந்திரம் செய்வீங்கதானே?"

"செய்வம். நோய் மாற, பயம் மாற, பயணம் போறவங்க சுகமாப் போக. உப்பு, தண்ணி, நெருப்பு, சாம்பிராணி வைப்பம். நாலு திசைக்கும் சொல்லி வட்டத்துக்குள்ள நிண்டு கேப்பம். ஆனா கெட்டது கேக்கிறல்ல. ஒருத்தருக்குச் செஞ்சது மூணு மடங்காத் திரும்பி வரும் எண்டு நம்புறம். எங்கட சட்டம் ஒரே ஒரு வரி. ஒருத்தருக்கும் தீங்கில்லாட்டி, நீ விரும்பினதச் செய்."

"ஒரு வரிச் சட்டத்த வச்சி எங்கட ஊர்ல வக்கீல் ஒருத்தரும் பிழைக்க ஏலா" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அணைந்தது. வெளியே இஸ்ஸதீன் ஹொண்டாவை உறுமவிட்டான், நேரம் போகிறது என்று எங்களுக்குச் சொல்வதற்காக.

காக்கா எழுந்து சாப்பாட்டு மேசைக்குப் போனார். மேசையில் வெள்ளை விரிப்பு, நடுவில் மெழுகுவர்த்தி, பிளந்த மாதுளம்பழம், மூடிவைத்த ரொட்டி. சுற்றி மூன்று தட்டுகள். நாற்காலிகள் நாலு.

"விருந்தாளி வாறாங்களா?"

"இண்டைக்கி எங்கட வருசத்துக் கடைசி நாள். ஸவ்வன் எண்டு சொல்லுவம். வருசத்துல எட்டுத் திருநாள் எங்களுக்கு, இது செத்தவங்கட திருநாள். அவங்களுக்கும் நமக்கும் நடுவுல இரிக்கிற திரை இண்டைக்கி மெல்லிசாகும். பொழுது படக்குள்ள அவங்களுக்குத் தட்டு வச்சிப் பேர் சொல்லிக் கூப்புடுவம். அந்த வருசம் புதுசாப் போனவங்கள மறக்கவே கூடாது. மறந்தா அவங்க வழி தெரியாம நிப்பாங்க."

"நாங்களும் மவுத்தானவங்களுக்குக் கத்தம் ஓதிச் சோறு குடுக்கிறதான்" என்றேன். "ஆனா தட்ட நாங்களே வழிச்சிருவம்."

காக்கா சிரிக்கவில்லை. ஒரு தட்டைத் தொட்டார். "இது ஆருக்கு?"

"என்ட உம்மாக்கு. அது யுத்தத்துல குண்டு விழுந்து போன என்ட தம்பிக்கு. இது..." நோனா அந்தத் தட்டை நேராக்கி வைத்தார். "சுல்பிகாட வாப்பாக்கு. அவர்தான் எனக்குத் தறிக்குப் பாவு ஓட்டப் படிப்பிச்சவர்."

"மேசைல இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இரிக்கி."

"எடம் இரிக்கி" என்றார் நோனா.

"நோனா, ஜும்ஆ முடிய அந்தக் கேன் இந்த வீட்டுக்கு வரும். ஒங்களுக்குத் தெரிஞ்சதச் சொன்னா நான் நிப்பாட்டுவன்."

"எங்கட சட்டம் ஒரு வரிதான் காக்கா. உண்மையச் சொல்றதால ஒருத்தருக்குத் தீங்கு வரும் எண்டா, அதயும் நான் சொல்லேலா."

அவருடைய கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. பயமில்லாத பெண் இல்லை அவர். பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் அப்போதுதான் மதிப்பு வந்தது, நாற்காலியைத் தள்ளியதற்கு வெட்கமும் வந்தது.

காரில் ஏறியதும் காக்கா சொன்னார், "சுல்பிகா உசிரோட இரிக்கா."

"எப்பிடிச் சொல்றீங்க?"

"அந்தப் புள்ளட வாப்பாக்குத் தட்டு வச்ச மனுசி, நேத்து மவுத்தான புள்ளக்கு வைக்காம விடுவாவா? அவட மார்க்கத்துல அத விடப் பெரிய துரோகம் இல்ல. வைக்கல்ல எண்டா, தேவையில்ல எண்டு அவக்குத் தெரியும். புள்ளய வழியனுப்பினதே அவதான்."

"அப்ப சாவல்?"

"அது அவக்குத் தெரியாம வந்த சாவல். காலைல கண்டுதான் விளங்கியிரிக்கி, ஆர் வச்சது, எதுக்கு வச்சது எண்டு. விளங்கினதாலதான் வாய் திறக்கல்ல." காக்கா கண்ணை மூடிக்கொண்டார். "ஆம்புள வச்சிருந்தா அந்த வட்டத்துலயே நிண்டு அறுத்திருப்பான். வேற கையால அறுப்பிச்சித் தூக்கி வந்தது ஆர்? ஒங்கட உம்மா கோழி அறுப்பாவா?"

"எங்கட உம்மாவா? கத்தியும் கோழியுமாக் கடப்படில நிண்டு றோட்டால போறவங்களையெல்லாம் வாப்பா மகன் எண்டு கூப்புடுவா. ஒருத்தரும் வராட்டி நேரா மோதினார்ட்ட..."

மறுபடியும் என் வாய் நின்றது. ஒரே நாளில் இரண்டு தரம்.

"எங்கட ஊர்ல தன்ட கையால அறுக்காத ஆள். ஒரு பொம்புள" என்றார் காக்கா. "பொய்ச் சாவுக்குத்தான் ரெத்தம் தேவைப்பட்டிச்சி. கழுத்த முறிச்சிப் போட்டாலும் காரியம் முடியும். ஆனா ஒரு உசிர ஹறாமாப் போக விட அவக்கு மனசு வரல்ல. முறையா அறுப்பிச்சிருக்கா. அந்த நல்ல மனசுதான் அவவக் காட்டிக் குடுத்திட்டு."

"ஆர் அவ?"

"நான் சொன்னா அது துப்பு. அவளே சொன்னா அது சாட்சி. பள்ளிக்கு விடு. மெதுவாப் போ."

எனக்கு ஒன்று விளங்கவில்லை. "காக்கா, உசிரோட இரிக்கா எண்டு சொல்லிட்டா நோனா தப்பிருவா. பொறவென்ன யோசினை?"

"ஹாஜியார் விடிய வந்து என்ன கேட்டார்?"

"அவளக் கண்டுபிடிச்சித் தாங்க எண்டார்."

"மவுத்தானவட உடம்ப, மையித்த எண்டாரா?"

நான் பிரேக்கை மிதித்தேன்.

"ஊருக்கு முன்னால மவுத்து எண்டு அழுறார். நம்மட்ட மட்டும் அவளத் தேடச் சொல்றார். அவருக்கு அந்த ரெத்தத்துல சந்தேகம். சந்தேகத்தத் தீர்த்துக் குடுக்கத்தான் நம்மள விட்டிரிக்கார். நாம துப்பறியல்லடா தம்பி. மோப்பம் புடிக்கிறம். சொன்னா அந்தப் புள்ளட கழுத்து. சொல்லாட்டி இந்த மனுசிட வீடு."

காற்று விழுந்துவிட்டது. தென்னை ஓலைகள் அசையவே இல்லை.

பள்ளிவாசலில் காக்கா வாங்கு சொல்கிற சீனிமுகம்மது மோதினாரைக் கைகால் கழுவுகிற ஹவுழடிக்குக் கூட்டிப்போய் ஏதோ கேட்டார். மோதினார் தலையை ஆட்டினார், பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு வாங்கு சொல்லி, குத்பாப் பிரசங்கம் ஓதி, தொழுதோம். நான் கடைசி வரிசை. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் முதலில் வெளியே வந்தவனும் நான்தான். மதிலோரம் ஹொண்டா நின்றது, பின்னால் கேன். எனக்கு அங்கே ஒரு சின்ன வேலை இருந்தது. அதை முடித்துவிட்டு நல்ல பிள்ளையாகக் கூட்டத்தில் போய் நின்றேன்.

முற்றத்தில் ஹாஜியார் படியில் ஏறி நின்று மஞ்சள் முக்காட்டை உயர்த்திப் பிடித்தார். இரத்தம் காய்ந்து அது தகடாகியிருந்தது. "என்ட தம்பிட ஒரே புள்ள!" என்று அவர் கத்தியதும் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. அது அழுகையா கோபமா என்று பிரிக்க முடியவில்லை. மதிலுக்கு வெளியே பெண்கள் முக்காடிட்டு நெருக்கியடித்து நின்றார்கள். யாரோ "போவம்" என்றான். நாலைந்து பேர் நடக்கவே தொடங்கிவிட்டார்கள்.

"ஹாஜியார்" என்றார் காக்கா. சத்தம் போடவில்லை. ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள். "புள்ள உசிரோட வந்தா என்ன செய்வீங்க?"

"வந்தா..." ஹாஜியார் முக்காட்டால் கண்ணைத் துடைக்கப் போய், இரத்தத்தைக் கண்டு கையைத் தாழ்த்தினார். "வந்தா தலைல தூக்கி வைப்பன்."

"அவ விரும்பாத கலியாணம்?"

"கலியாணமாவது! புள்ள வந்தாப் போதும்."

"அடிக்க மாட்டீங்க?"

"நகத்தாலயும் தொட மாட்டன்!"

"வல்லாஹி?"

அல்லாஹ்வின் மேல் ஆணையா என்று கேட்டார். ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் படியில், முழு ஜமாஅத்தும் பார்த்திருக்க அந்தச் சொல்லைச் சொன்னால் திரும்ப எடுக்க முடியாது. ஹாஜியார் காக்காவைப் பார்த்தார். தான் நிற்கிற இடம் அவருக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்லாமல் இறங்கினால், இவ்வளவு நேரம் அழுதது என்னவென்று ஊர் கேட்கும்.

"வல்லாஹி" என்றார்.

"மோதினார், நேத்துப் பின்னேரம் சிவத்த சாவல் ஒண்டு அறுத்தீங்களா?"

மோதினார் கைத்தடியை இறுக்கிப் பிடித்தார். "ஓம். அறுத்தன். கத்தம் எண்டு சொன்னாங்க. ரெத்தத்த வாழைக்கு ஊத்தப் போறதெண்டு சிரட்டைல ஏந்தினாங்க. எனக்கு அது புதினமா இருந்திச்சி."

"அந்தச் சாவல்தான் நோனாட வளவுல கிடக்கு. பிஸ்மி சொல்லி நீங்க அறுத்த அறுவை. அந்த முக்காட்டுல இரிக்கிறது அதுட ரெத்தம். மனுச ரெத்தம் இல்ல."

"ஆர் கொண்டு வந்த?" என்று பல குரல்கள்.

மோதினார் வாயைத் திறந்தார், மூடினார். காக்கா மதில் பக்கம் திரும்பினார். மதிலுக்கு வெளியே பெண்கள் விலகினார்கள்.

"நான்தான்" என்றாள் மைமூனா.

அவள் கடப்பைத் தாண்டி முற்றத்துக்குள் வந்தாள். பெண்கள் வராத முற்றம் அது. ஒருவரும் தடுக்கவில்லை.

"நான்தான் அறுப்பிச்சன். நான்தான் நோனாட கத்திய எடுத்து ரெத்தம் பூசி அவட வளவுல போட்டன். மவுத்து எண்டு நினைச்சா ஒருத்தரும் என்ட புள்ளயத் தேடமாட்டாங்க எண்டு நினைச்சன். வெள்ளக்காரிய அவங்கட ஆக்கள் ஜீப்புல வந்து ஏத்திக்கொண்டு போவாங்க, அவவுக்கு ஒண்டும் நடக்காது எண்டு நினைச்சன். நீங்க நெருப்போட போவீங்க எண்டு நினைக்கல்ல." குரல் உடைந்தது. "மச்சான், வல்லாஹி எண்டிட்டீங்க. எல்லாரும் கேட்டிட்டாங்க. என்ட புள்ள உசிரோட இரிக்கா."

கூட்டம் அப்படியே கரைந்தது. சிலர் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். கொளுத்தப் போனவர்கள் செருப்பைத் தேடினார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல் இருந்தது.

ஹாஜியார் படியிலிருந்து இறங்கி எங்கள் அருகே வந்தார். முகத்தில் கண்ணீரின் அடையாளமே இல்லை. காக்காவின் காதோடு, நான் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னார்.

"நல்ல வேலை செஞ்சீங்க காலிதீன். உசிரோட இரிக்கா எண்டு தெரிஞ்சாப் போதும் எனக்கு. அவ ஒளிக்க இந்த உலகத்துல ரெண்டே வீடுதான். ஒண்டு வெள்ளச்சிட, அதப் பாத்தாச்சி. மத்தது தம்பிலுவில்ல, அவளக் கையில ஏந்தின மருத்துவிச்சி செல்லத்தங்கத்துட." முக்காட்டை நாலாக மடித்துக் காக்காவின் கையில் வைத்தார். "சத்தியம் பண்ணினது நான். இஸ்ஸதீன் பண்ணல்ல."

திரும்பிப் பார்த்தேன். இஸ்ஸதீன் கூட்டத்தில் இல்லை. காக்காவின் முகத்தில் இரத்தம் வற்றியதை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

மதிலுக்கு அப்பால் ஹொண்டாவை உதைக்கிற சத்தம். ஒரு உதை. இன்னொன்று. மறுபடியும். இயந்திரம் இருமக்கூட இல்லை.

"காக்கா" என்றேன். சாரன் மடிப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் எண்ணெய்க் கறையோடு ஹொண்டாவின் ஸ்பார்க் பிளக். "நோனாட வீட்டுக்கு மண்ணெண்ணெய் போகப்படாதெண்டு கழட்டினன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கலாம்.

"வெள்ளிக்கிழமை" என்றார். "பிளக் விக்கிற ஒரு கடையும் திறந்திரிக்காது. கடை திறக்கிற வரைக்கும்தான் நமக்கு நேரம். மைமூனா, கார்ல ஏறு."

கடற்கரை வீதியில் ஹில்டா நோனா கடப்படியில் நின்றார், தப்பி ஓட ஒரு பெட்டிகூடக் கட்டாமல். காக்கா காரிலிருந்தபடியே சொன்னார், வீடு தப்பியது என்று. பிறகு இஸ்ஸதீனைப் பற்றிச் சொன்னார். மைமூனா தலையைக் குனிந்துகொண்டாள். நோனா அவளை ஒரு சொல் திட்டவில்லை. விறுவிறு என்று உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து, கார் ஜன்னல் வழியாக அவளுடைய மடியில் வைத்தார். மேசையில் இருந்த மூன்றுக்கும் ஜோடியான தட்டு.

"இது நாலாவது" என்றார். "இண்டைக்கிப் பொழுது படக்குள்ள இத என்ட மேசைல வைக்க விட்டுராதீங்க."

மைமூனா தட்டை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முதல் மழைத் துளி கண்ணாடியில் விழுந்தது. கல்முனைச் சந்தியைத் தாண்டும்போது மோட்டார் சாமான் கடைக்காரர் தொப்பியைக் கழற்றாமலே கதவுப் பலகையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். நான் காலை முழுதாக அழுத்தினேன். தம்பிலுவில் வரைக்கும் காக்கா ஒரு தடவைகூட மெதுவாகப் போ என்று சொல்லவில்லை.